கேஷுவாலிட்டிக்கான படிப்பு கேஷுவாலிட்டியிலேயே நடக்கட்டும்

இந்திய மருத்துவக் கவுன்சில் 2002இல் கொண்டுவந்த நெறிமுறை விதிகளில், ஒவ்வொரு டாக்டரும் ஐந்து வருடத்துக்கு 30 மணி நேரமாவது தொடர் மருத்துவக் கல்வியில் கலந்துகொள்ள வேண்டும் என்று இருக்கிறது. சிஎம்இ என்று நாம் சொல்வது இதைத்தான். வகுத்துப் பார்த்தால் வருடத்துக்கு ஆறு மணி நேரம். அந்த ஆறு மணி நேரம் எப்படிப் போகிறது என்று தர்மபுரி, கிருஷ்ணகிரி பக்கம் கேஷுவாலிட்டி (அவசர சிகிச்சைப் பிரிவு) பார்க்கிற யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். நைட் டியூட்டி முடித்த கையோடு பெங்களூருக்கோ சேலத்துக்கோ பஸ் ஏறி, ஒரு ஹோட்டல் ஹாலில் கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் வரை ஸ்லைடு பார்த்துவிட்டு சர்டிஃபிகேட்டோடு திரும்புவது. பேச வருகிறவர்களைக் குறை சொல்லவில்லை, பலர் அருமையாகப் பேசுகிறார்கள். ஆனால் பெரிய நகரத்து ஐசியூவில் இருக்கிற மெஷின்களை வைத்துப் பேசுகிறார்கள். நம்மிடம் இரவு இரண்டு மணிக்கு வருகிற கேஸுக்கு அதில் பாதி உதவாது.

நம்மிடம் யார் வருகிறார்கள்? ஓசூரில் ஆரம்பித்து கிருஷ்ணகிரி, தர்மபுரி வழியாகத் தொப்பூர் கணவாயில் இறங்குகிற 44ஆம் எண் நெடுஞ்சாலையில் அடிபட்டவர்கள். பாம்பு கடித்து அஞ்செட்டி, சித்தேரி மாதிரி மலைப்பக்கத்திலிருந்து பாதி தூரம் பைக்கிலும் மீதி தூரம் 108இலும் வருகிறவர்கள். வயலுக்கு வாங்கி வைத்த மருந்தைக் குடித்தவர்கள். தேள் கொட்டிய குழந்தைகள். இந்த நாலையும் நன்றாகப் பார்க்கத் தெரிந்தால் நம் பக்கத்தில் எத்தனையோ உயிர் நிற்கும். ஆகவே இங்கே அவசர சிகிச்சை பார்க்கிறவர்களுக்கான தொடர் கல்வி இந்த நாலிலிருந்துதான் தொடங்க வேண்டும், அதுவும் கேஷுவாலிட்டிக்குள்ளேயே நடக்க வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

கட்டுவிரியனை எடுத்துக்கொள்ளுங்கள். கடித்த இடத்தில் வீக்கம் இருக்காது, பல் பட்ட தடம்கூடப் பல நேரம் தெரியாது. தரையில் பாய் போட்டுப் படுத்தவர் விடியற்காலை வயிற்றுவலி என்று எழுந்திருப்பார், சிலருக்கு வாந்தி, சிலருக்குத் தொண்டையில் ஏதோ அடைப்பது போல இருக்கும், பாம்பு என்ற நினைப்பே வீட்டில் யாருக்கும் வந்திருக்காது. ஆன்டாசிட் ஊசி போட்டு அனுப்பிவிட்டால் காலை ஏழு மணிக்கு இமை தூக்க முடியாமல், மூச்சு விட முடியாமல் திரும்பி வருவார். அதனால் விடியற்காலை வயிற்றுவலி என்று வருபவரிடம் முதலில் கேட்க வேண்டியது "ராத்திரி எங்க படுத்தீங்க?" என்பதுதான். மேலே பார்க்கச் சொல்லி இமை இறங்குகிறதா என்று பார்க்க அரை நிமிடம்கூட ஆகாது. இதைச் சின்ன டாக்டருக்கும் சிஸ்டருக்கும் சொல்லிக்கொடுப்பதற்கு எந்த ஹாலும் தேவையில்லை.

பாம்புக்கடியிலேயே இன்னொன்று. இருபது நிமிட ரத்த உறைவு டெஸ்ட் எல்லோருக்கும் தெரியும்: இரண்டு மில்லி ரத்தத்தை டியூபில் எடுத்து ஆட்டாமல் வைத்து, இருபது நிமிடம் கழித்து ஒரு முறை சாய்த்துப் பார்ப்பது; உறையாமல் இருந்தால் விஷம் ஏறியிருக்கிறது என்று எடுத்துக்கொள்வோம். ஆனால் டியூப் கண்ணாடியாக இருக்க வேண்டும், புதிதாக, உலர்ந்ததாக இருக்க வேண்டும். பிளாஸ்டிக்கில் எடுத்தாலோ சோப்புத் தூளில் கழுவின கண்ணாடியில் எடுத்தாலோ விஷமே ஏறாதவருக்கும் ரத்தம் உறையாமல் நிற்கும். ஸ்லைடில் இதை ஒரு வரியில் படித்துவிட்டு வந்துவிடலாம். உங்கள் அலமாரியைத் திறந்து இன்றைக்குக் கண்ணாடி டியூப் இருக்கிறதா என்று பார்த்தால்தான் அது படிப்பு. அதே மாதிரி ஏஎஸ்வி என்கிற பாம்பு விஷ முறிவு மருந்தை ஆரம்பிக்கும் முன்பே, ஒவ்வாமை வந்தால் போட வேண்டிய அட்ரினலினை சிரிஞ்சில் ஏற்றித் தயாராக வைப்பது, ரியாக்‌ஷன் வந்தால் பெரியவருக்கு 0.5 மில்லிகிராம் தொடைத் தசையில் போடுவது, ஏஎஸ்வி குழந்தைக்கும் பெரியவருக்கும் ஒரே அளவு என்பது (பாம்பு ஆள் பார்த்து விஷத்தைக் குறைத்து இறக்குவதில்லையே), இதெல்லாம் கை வேலையாகப் பழக வேண்டியவை. கட்டுவிரியன் கேஸில் மூச்சு தளர்ந்தால் மூச்சுக்குழாயில் டியூப் போட்டு, வென்டிலேட்டர் கிடைக்கும் வரை கையால் மூச்சு கொடுக்கிற ஆம்பு பேக்கை விடாமல் அமுக்குகிறவர்தான் அந்த உயிரைக் காப்பாற்றுகிறார். அந்த ஏஎஸ்வியைத் தயாரிக்கத் தேவையான விஷத்தை, 1978இல் தொடங்கி மாமல்லபுரத்துக்குப் பக்கத்தில் வடநெம்மேலியில் இயங்கும் கூட்டுறவுச் சங்கத்தில் இருளர்கள்தான் எடுத்துத் தருகிறார்கள் என்பதையும் நம் ஆட்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

பூச்சிமருந்து குடித்த கேஸில் இன்னும் பழைய பழக்கங்கள் போகவில்லை. ஆள் வந்ததும் நேரம், நினைவு எதுவும் பார்க்காமல் ஸ்டமக் வாஷ், அப்புறம் அட்ரோபின் என்ற முறிவு மருந்து இரண்டு ஆம்பூல் போட்டுவிட்டுக் காத்திருப்பது. ஆர்கனோபாஸ்பேட் வகைப் பூச்சிமருந்துக்கு அட்ரோபினை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை இரட்டிப்பாக்கிக்கொண்டே போக வேண்டும், நுரையீரல் தெளிந்து, நாடித்துடிப்பும் பிரஷரும் 80க்கு மேல் வரும் வரை. பங்களாதேஷில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில் பழைய முறையில் விட்டுவிட்டுப் போட்டவர்களில் 22.5 சதவீதம் பேர் இறந்தார்கள், இரட்டிப்பாக்கி, பிறகு டிரிப்பில் தொடர்ந்தவர்களில் 8 சதவீதம். மருந்து அதேதான், கொடுக்கிற விதம்தான் வேறு. இதைவிட முக்கியமாக ஒரு சிஎம்இயில் சொல்ல என்ன இருக்கிறது? ஒடுவந்தழை என்ற விஷ இலையைச் சாப்பிட்ட கேஸும் நம் பக்கம் தெரிந்துவைத்திருக்க வேண்டியது. வந்த அன்று பார்க்கத் தெம்பாகவே இருப்பார்கள், அதை நம்பி வீட்டுக்கு அனுப்பிவிடக் கூடாது. ஈசிஜி, பொட்டாசியம், ரத்தத்தின் அமில அளவு மூன்றையும் நாள் கணக்கில் விடாமல் பார்க்க வேண்டும்.

சின்ன ஊரில் உட்கார்ந்துகொண்டு என்ன கற்றுக்கொள்ள முடியும், எல்லாம் மேலேயிருந்துதான் வரும் என்று சிலர் சொல்லும்போது எனக்கு டாக்டர் ஹிம்மத்ராவ் பவாஸ்கர் ஞாபகம் வருகிறார். மகாராஷ்டிராவில் மஹாட் என்ற சின்ன ஊரில் தேள் கொட்டிய குழந்தைகள் நுரையீரலில் நீர் கோத்து இறப்பதைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு கேஸையும் குறித்து வைத்து, பிரசோசின் மாத்திரை வேலை செய்கிறது என்று 1986இல் லான்செட் மருத்துவ இதழில் எழுதினார். இன்றைக்குத் தேள்கொட்டுக்கு நாம் எல்லோரும் அதைத்தான் கொடுக்கிறோம். 2022இல் பத்மஸ்ரீ கொடுத்தார்கள். நம்மூர் கேஷுவாலிட்டி ரிஜிஸ்டரிலும் அப்படிப்பட்ட பாடங்கள் வருடக்கணக்கில் கிடக்கின்றன, யாரும் திருப்பிப் பார்ப்பதில்லை என்பதுதான் என் வருத்தம்.

சரி, நடைமுறையில் எப்படிச் செய்வது? நாங்கள் செய்வதைச் சொல்கிறேன். வாரம் ஒரு நாள், ஷிஃப்ட் மாறும் நேரத்தில், இரண்டு ஷிஃப்ட் ஆட்களும் சேர்ந்து பதினைந்து நிமிடம் நிற்கிறோம். அந்த வாரம் வந்த ஒரு கேஸ். என்ன சொன்னார்கள், முதல் பத்து நிமிடத்தில் என்ன செய்தோம், எது கைக்குக் கிடைக்கவில்லை. யார் தப்பு என்ற பேச்சு கிடையாது, அதை முதல் நாளே சொல்லிவிட்டோம், இல்லாவிட்டால் அடுத்த வாரமே ஒருத்தரும் வாயைத் திறக்க மாட்டார்கள். டாக்டர் மட்டும் போதாது. சிஸ்டர், லேப் டெக்னீஷியன், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அண்ணன், முடிந்தால் 108இன் ஈஎம்டியும் (ஆம்புலன்ஸில் முதலுதவி பார்ப்பவர்) பைலட்டும் (அதை ஓட்டுகிறவர்). ஒரு சிஎம்இயிலும் அழைக்கப்படாத இவர்கள்தான் நோயாளியை முதலில் தொடுகிறவர்கள். பாம்பு கேஸில் கட்டின கயிறு எந்த நேரம் கட்டினது, ஆக்சிடென்ட் எத்தனை மணிக்கு நடந்தது என்பதெல்லாம் பைலட்டுக்குத்தான் தெரியும். ரத்தக்கசிவைக் குறைக்கிற டிரானெக்சாமிக் ஆசிட் மருந்தை அடிபட்டு மூன்று மணி நேரத்துக்குள் கொடுத்தால்தான் உதவும், நேரம் கடந்தால் கெடுதலாகவும் போகலாம் என்று 20,000 பேருக்கு மேல் சேர்த்துச் செய்த கிராஷ்-2 ஆய்வு காட்டியது. அந்த நேரத்தைக் கேட்டு எழுதுவது ஒரு மருத்துவ வேலை என்று டிரைவரிடம் சொன்ன பிறகு, இப்போது அவரே உள்ளே வரும்போது நேரத்தைச் சொல்லிக்கொண்டு வருகிறார்.

இதயம் நின்றவருக்கு நெஞ்சை அமுக்கிக் கொடுக்கிற சிபிஆர் பயிற்சியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பிஎல்எஸ், ஏசிஎல்எஸ் என்ற உயிர்காப்புப் பயிற்சிகளை முடித்ததற்கான கார்டு இரண்டு வருடம் செல்லும். ஆனால் கையில் இருக்கிற திறமை சில மாதங்களிலேயே மங்க ஆரம்பிக்கிறது என்று எத்தனையோ ஆய்வுகளில் வந்துவிட்டது. 2025 அக்டோபரில் அமெரிக்க இதயச் சங்கம் புது வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது, அதைப் படிக்கத்தான் வேண்டும். ஆனாலும் நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை, ஐந்து சென்டிமீட்டருக்குக் குறையாமல், ஆறைத் தாண்டாமல் அமுக்குவது என்பது படித்து வருவதில்லை. அமுக்கிப் பழகுகிற மேனிகின் பொம்மை ஒன்று கேஷுவாலிட்டி மூலையிலேயே கிடக்கட்டும். கூட்டமில்லாத நேரத்தில் ஆளுக்கு இரண்டு நிமிடம். பூட்டி ஸ்டோரில் வைத்து, இன்ஸ்பெக்‌ஷனுக்கு மட்டும் வெளியே எடுக்கிற மேனிகினால் யாருக்கு என்ன பயன்?

தர்மபுரியில் 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது, கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் திறந்தார்கள். இந்த இரண்டிலிருந்தும் மாதம் ஒரு முறை ஒரு குழு அரூர், பென்னாகரம், ஊத்தங்கரை, தேன்கனிக்கோட்டை ஆஸ்பத்திரிகளுக்குப் போய், அங்கே இருக்கிற ஆட்களோடு, அங்கே இருக்கிற சாமான்களை வைத்தே பயிற்சி கொடுத்து, அந்த நேரத்தையும் சிஎம்இ கிரெடிட் கணக்கில் சேர்த்தால் எவ்வளவு நன்றாக இருக்கும். நைட் டியூட்டி பார்த்தவர் லீவு நாளைச் செலவழித்துப் பஸ் ஏற வேண்டியதில்லை. ரெஃபர் பண்ணுகிறவரும் ரெஃபர் வாங்குகிறவரும் முகம் பார்த்துப் பேசியிருந்தால், ராத்திரி போனில் "ஏன் சார் இதையெல்லாம் அனுப்புறீங்க" என்ற கோபமும் குறையும்.

எங்கள் இடத்தில் அடுத்த வாரம் தேள் கொட்டிய குழந்தைக்குப் பிரசோசின் அளவு, எப்போது திரும்பக் கொடுப்பது, எப்போது கொடுக்கக் கூடாது என்று எடுத்திருக்கிறோம். உங்கள் ஆஸ்பத்திரியில் இப்படி ஆரம்பிக்க நினைத்தால் முதல் வாரத்துக்குக் கட்டுவிரியனை எடுங்கள், கண்ணாடி டியூபை மட்டும் முன்னாடியே வாங்கி வைத்துவிடுங்கள்.