ரீச்சர் வீட்டு வாசலுக்கு ஒரு வளையம்

2024 டிசம்பர் 3, செவ்வாய்

மழை ஓய்ந்தாலும் முற்றத்தில் இன்னும் தண்ணீர். பின்வேலியோரம் தவளைச் சத்தம் அடங்கவில்லை.

இந்த நத்தாருக்கு, அதுதான் கிறிஸ்மசுக்கு, ரீச்சருக்கு என்ன கொடுப்பது என்றுதான் காலையிலிருந்து யோசனை. முன்பள்ளிச் சம்பளத்தில் வீட்டுக்குக் கொடுத்தது போக, இதற்கென்று ஒதுக்கக்கூடியது 1,000 ரூபாய். அதற்கு மேல் ஒரு சதமும் முடியாது.

ரீச்சர் பக்கத்து வீடு. ஓ.எல். பரீட்சை வரைக்கும் எனக்கு ஆங்கிலம் சொல்லித் தந்தவர், காசு வாங்காமல். ஒவ்வொரு நத்தாருக்கும் அங்கிருந்து கேக்கும் கொக்கிஸ் பலகாரமும் எங்கள் வீட்டுக்கு வரும். தைப்பொங்கலுக்கு இங்கிருந்து பொங்கலும் வாழைப்பழமும் போகும். இந்தப் பங்குனியில் ரீச்சரின் கணவர், எங்கள் அங்கிள், காலமாகிவிட்டார். பிள்ளைகள் இரண்டு பேரும் கனடாவில். கேக் அடிக்கவில்லையா என்று போன கிழமை அம்மா கேட்டதற்கு, "அடிச்சு ஆருக்கு?" என்று மட்டும் ரீச்சர் சொன்னார்.

அவர் வீட்டு முன்கதவில் ஒரு ஆணி இருக்கிறது. மகள் முன்னொரு காலத்தில் அனுப்பிய, பிளாஸ்ரிக் இலை வைத்த நத்தார் அலங்கார வளையத்தை மார்கழி பிறந்தால் அங்கிள் அதில்தான் கொழுவுவார். அது வெளிறி, ஊசி ஊசியாக உதிர்ந்து, போன வருடமே குப்பைக்குப் போய்விட்டது. இன்றைக்கு வேலையால் வரும்போது அந்த வெறும் ஆணி கண்ணில் பட்டது. கடையில் புதுசு 3,750 ரூபாய். நானே செய்யலாம் என்று நினைக்கிறேன்.

டிசம்பர் 4, புதன்

பூக்கடைக்குப் போய் ரெஜிபோம், அதுதான் தெர்மோகோல், வளையம் ஒன்று கேட்டேன். கடைக்காரர் விலை சொல்வதற்கு முதல், "செத்த வீட்டுக்கோ பிள்ளை, இல்லாட்டி 26ஆம் திகதிக்கோ?" என்றார். இந்த 26உடன் சுனாமி வந்து 20 வருடம். நினைவு நாளுக்கு இப்போதே ஓடர் வரத் தொடங்கிவிட்டதாம். சுவரோடு அடுக்கியிருந்த வெள்ளை வட்டங்களைப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு திரும்பினேன்.

அம்மாவிடம் சொன்னால் அவர் அரிக்கன் சட்டியைக் கீழே வைத்துவிட்டார். "ஆள் போய் இன்னும் வருசம் திரும்பேல்ல. அந்த வாசலில நீ வளையம் கொண்டுபோய்க் கொழுவப் போறியோ? உனக்கென்ன விசரே?"

அது வேறு, இது வேறு என்று விளங்கப்படுத்தப் பார்த்தேன். ஆனால் எங்கள் வாயில் இதற்கு வேறு சொல்லே இல்லை. வளையம் என்றவுடன் மலர்வளையம், மலர்வளையம் என்றவுடன் பெட்டி. அம்மாவைக் குறை சொல்ல முடியாது.

ஆனாலும் கைவிட மனமில்லை. பூ வைக்கக் கூடாது, ரெஜிபோம் கூடாது, வெள்ளை ரிபன் கூடாது. இவ்வளவும் இன்றைக்கு முடிவு.

டிசம்பர் 7, சனி

காலையில் பஸ்ஸில் உப்புவெளிக் கடற்கரை. போகவர 80 ரூபாய்.

வாடைக்காலக் கடல் கரையைக் கரைத்துக்கொண்டிருக்கிறது. அடம்பன் கொடிகள் வேரோடு அறுந்து மணலில் முழ நீளத்தில் கிடந்தன. உயிரோடு படர்ந்திருக்கிற கொடியை நான் தொடவில்லை. கரை மணலைப் பிடித்து வைத்திருப்பது அதுதான். அலை அறுத்துப் போட்டதே எனக்குக் காணும். பத்து நீளக் கொடி எடுத்தேன். முறித்தால் பால் வடிகிறது, கையில் பிசுபிசுக்கிறது. இலை நடுவில் பிளந்து மான் குளம்பு மாதிரி. திருகோணமலைக் கோட்டை வாசலில் மான் பார்த்து வளர்ந்த எங்களுக்கு வேறென்ன நினைவு வரும்?

சவுக்க மரங்களுக்குக் கீழே காய் பொறுக்கினேன். பெருவிரல் நுனி அளவுதான். ஆனால் வெளிநாட்டுப் படங்களில் வருகிற பைன் காயின் குட்டி போலவே இருக்கும். அந்த ஊர்களில் மாரியில் மரமெல்லாம் மொட்டையாக நிற்கும்போது பைன் மாதிரி ஊசியிலை மரங்கள் மட்டும் பச்சையாக நிற்கும். அதனால்தான் அந்தக் கிளையை வளைத்துக் கதவில் கட்டினார்கள். இங்கே மார்கழியில்தான் வேலி, மதில், பாழ்வளவு எல்லாமே பச்சை. பச்சையைக் கதவில் கட்டினால் ஆர் திரும்பிப் பார்ப்பது? பச்சைக்குப் பதிலாக என்ன என்பது இன்னும் பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்ததும் கொடியை ஈரத்தோடு வளைத்தேன். காய்ந்துவிட்டால் முறியும். முதலில் மூன்றை ஒன்றாக வளைத்துக் கட்டுக்கம்பியால் நாலு இடத்தில் கட்டு, பிறகு மற்றவற்றில் சிலவற்றை ஒவ்வொன்றாகச் சுற்றிச் சுற்றி உள்ளே செருகு. பன்னிரண்டு அங்குல வட்டம். கம்பி 120 ரூபாய்.

அம்மா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தார். "அடம்பன் கொடியும் திரண்டால் மிடுக்குத்தான்" என்றார். கோபம் கொஞ்சம் இறங்கியிருக்கிறது.

டிசம்பர் 8, ஞாயிறு

பின்னேரம் ரீச்சரிடம் தேத்தண்ணிக்குப் போனேன். கதை எங்கெங்கோ போய், கல்லறைகள் இருக்கிற சேமக்காலையில் வந்து நின்றது. கல்லறைத் திருநாளுக்கு அங்கிளிடம் போயிருந்தாராம். "பங்குனியில வைச்ச வளையங்கள், பூ எல்லாம் எப்பவோ உக்கிப் போச்சு. அந்த ரெஜிபோம் வட்டங்கள் மட்டும் அப்பிடியே கிடக்கு, பிள்ளை. நான்தான் பொறுக்கி ஒரு ஓரத்தில வைச்சன்."

நான் தேத்தண்ணிக் கோப்பையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 10, செவ்வாய்

இரண்டு நாளாக வளையத்தைத் தொடவில்லை. அது அடுப்புக்கு மேலே பரணில் கிடக்கிறது. வெயில் இல்லாததால் புகைச் சூட்டில்தான் காய வேண்டும்.

இன்று அம்மாவே அதைக் கீழே இறக்கினார். கொடி வாடிச் சுருங்கி, கட்டுகளுக்குள் இரண்டு விரல் போகிற அளவு தளர்ந்திருந்தது. அடிப்பக்கத்தில் வெள்ளையாய்ப் பூஞ்சணம். "ஏன் விட்டிட்டாய்?" என்று கேட்டார். ரீச்சர் சொன்னதைச் சொன்னேன்.

அம்மா வளையத்தை மடியில் வைத்துக்கொண்டு நெடுநேரம் இருந்தார். பிறகு சொன்னது இதுதான்: "வாசலில கட்டுறதெல்லாம் துக்கத்துக்கே? கலியாணத்துக்குத் தோரணம் கட்டுறம். செத்த வீட்டுக்கும் தோரணம் கட்டுறம். ஓலை ஒண்டுதான். மடிப்பு வேறை. பார்க்கிற ஆளுக்கு மடிப்பிலேயே விளங்கும். இதுக்கு நல்ல காரியத்து மடிப்பு வைச்சுத் தாறன். வேணுமோ?"

வேணும் என்றேன். எனக்கு இது ஏன் தோன்றவில்லை? ஐந்து நாளாக எதை எடுத்துவிடுவது என்றே யோசித்திருக்கிறேன். எதைச் சேர்ப்பது என்பதை அம்மாதான் சொன்னார்.

பூஞ்சணத்தை வினாகிரி தோய்த்த துணியால் துடைத்தோம். தளர்ந்த இடங்களில் இன்னும் மூன்று கொடி சுற்றி இறுக்கினோம். ஒருமுறை வாடிச் சுருங்க விட்டுப் பிறகு இறுக்கினால்தான் நிற்கும் போல. இனிச் செய்பவர்கள் இந்த மூன்று நாளைக் கணக்கில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 14, சனி

தென்னங்குருத்து என்றால் சும்மாவே கிடைக்கும், ஆனால் நாலு நாளில் மண்ணிறமாகிவிடும். அதனால் பனங்குருத்து. சந்தையில் மூதூர்ப் பக்கத்து அம்மா ஒருவர், மழைக்கு முதல் காயவைத்த ஓலை வைத்திருந்தார். ஒரு கட்டு 250. சாயம் இரண்டு பக்கற் 200, ஒன்று சிவப்பு, ஒன்று பச்சை. ஊதா நிறமும் இருந்தது, அது தவக்காலத்து நிறம் என்று எடுக்கவில்லை.

சாயம் போடுவது அம்மா சின்ன வயதில் பெட்டி இழைத்த காலத்துப் பழக்கம். பழைய அலுமினியச் சட்டியில் தண்ணீரைக் கொதிக்கவைத்து, சாயமும் ஒரு பிடி உப்பும் போட்டு, வார்ந்த ஓலையைச் சுருட்டி உள்ளே அமிழ்த்தி, ஈர்க்கால் புரட்டிக்கொண்டே இருக்க வேண்டும். நிறம் ஏறியதும் குளிர்ந்த வெறும் தண்ணீரில் அலசி நிழலில் தொங்கவிட வேண்டும். சிவப்பு நன்றாகப் பிடித்தது. பச்சை கொஞ்சம் திட்டுத்திட்டாக. கொஞ்சம் ஓலையைச் சாயம் போடாமல் அதன் நிறத்திலேயே விட்டோம். எனக்கு அதுதான் மிகவும் பிடித்திருக்கிறது.

கார்த்திகை விளக்கீட்டுக்கு ஏற்றின சிட்டி விளக்குகள் படிக்கட்டில் வரிசையாக இருந்தன. ரீச்சர் தன் பக்கத்து மதிலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். சாயச் சட்டியை ஓடிப்போய் மறைத்தேன்.

டிசம்பர் 15, ஞாயிறு

ரீச்சர் பூசைக்குத் தனியாகப் போகிறார் என்று அம்மா என்னைக் கூட அனுப்பினார். பீடத்துக்குப் பக்கத்தில் ஒரு வளையம், நாலு மெழுகுதிரி. மூன்று ஊதா, ஒன்று ரோசா. இன்று, நத்தாருக்கு முந்தின திருவருகைக் காலத்தின் மூன்றாம் ஞாயிறு, ரோசாத் திரியை ஏற்றும் நாள். இவ்வளவு நாளும் அது வளையம் என்றே எனக்குப் படவில்லை.

திரும்பி வரும்போது கேட்டேன். ரீச்சருக்குக் கேள்வி கேட்டால் போதும், பழையபடி ரீச்சர் ஆகிவிடுவார். ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரில் யோகான் ஹின்ரிச் விக்கேர்ன் என்ற புரட்டஸ்தாந்துப் போதகர் ஏழைப் பிள்ளைகளுக்கு ஒரு இல்லம் நடத்தினாராம். நத்தார் எப்போது, எப்போது என்று பிள்ளைகள் ஒவ்வொரு நாளும் அரிக்க, 1839ஆம் ஆண்டில் ஒரு பழைய வண்டிச் சில்லை எடுத்து, கிழமை நாட்களுக்குச் சின்னச் சிவப்புத் திரிகள் 20, ஞாயிறுகளுக்குப் பெரிய வெள்ளைத் திரிகள் 4 வைத்து, நாளுக்கொன்று ஏற்றினாராம். கத்தோலிக்கக் கோயில்களுக்கு அது வந்தது பிறகுதான்.

பழைய வண்டிச் சில்லு. காசு இல்லாத ஒரு வீட்டில், கையில் அகப்பட்டதை வைத்துச் செய்தது. அந்தச் சொல் எனக்கு எவ்வளவு தெம்பு தந்தது என்று ரீச்சருக்குத் தெரியாது.

டிசம்பர் 18, புதன்

சவுக்கங்காய்கள் சூட்டில் வெடித்து வாய் திறந்துவிட்டன. செட்டை வைத்த சின்ன விதைகள் தூசி மாதிரி பத்திரிகைத் தாளெல்லாம். அவற்றை உதிர்த்துத் தட்டிய பிறகே ஒட்ட வேண்டும், இல்லாவிட்டால் ரீச்சர் வீட்டு விறாந்தையில் கொட்டும்.

சிவப்புக்கு மஞ்சாடி விதை. முன்பள்ளி வளவில் மரம் இருக்கிறது, பிள்ளைகள் விடுமுறைக்கு முதல் கை கையாகப் பொறுக்கித் தந்தார்கள். குன்றிமணி இன்னும் அழகுதான், ஆனால் ஓடு உடைந்தால் நஞ்சு. சின்னப் பிள்ளைகளின் கையில் அதைக் கொடுக்கவே கூடாது. மஞ்சாடியின் மினுமினுப்பில் பசை நிற்கவில்லை. ஒட்டின இருபதும் காலையில் கீழே. ஒவ்வொன்றின் ஒரு பக்கத்தையும் அரத்தாளில் தேய்த்து மறுபடி ஒட்டினேன். இப்போது அசையவில்லை. பசை 150.

மொத்தம் 800. மிச்சம் 200.

டிசம்பர் 22, ஞாயிறு

அம்மா மடிக்க உட்கார்ந்தார். ஓலையை ஈரத்துணியில் ஒரு மணித்தியாலம் சுற்றி வைத்தால்தான் வளையும். நுனியைக் கீறி, திருப்பி, ஒன்றுக்குள் ஒன்று செருகி இழுக்க, ஒரு குருவி வந்து இருந்தது. நான் மடித்தது மூன்று, மூன்றும் கோணல். அம்மா மடித்தது ஒன்பது. வளையத்தின் கீழ்ப்பாதியில் மட்டும் வைத்தோம், சிவப்பும் வெள்ளோலையும் மாறி மாறி. மேல்பாதி வெறும் கொடி. நிரப்பச் சொல்லி அம்மா கேட்டார், நான் விடவில்லை. அடம்பன் முறுக்கு தெரிய வேண்டும். இடையில் சவுக்கங்காய்க் கொத்து, மஞ்சாடி. கட்டினதெல்லாம் மீன்பிடிக்கிற தங்கூசி நூலில், கண்ணுக்குத் தெரியாது.

முடித்துச் சுவரில் மாட்டிப் பார்த்தோம். அம்மா கிட்டப் போய்ப் பார்த்தார், தள்ளி நின்று பார்த்தார். "இது செத்த வீடு இல்லை" என்றார்.

மிச்சம் 200க்குச் சீனியும் பயத்தம் மாவும் வாங்கி, பயத்தம் பணியாரம் சுடுகிறோம். கேக் அடிக்காத வீட்டுக்கு ஏதாவது இனிப்புப் போகட்டும்.

டிசம்பர் 24, செவ்வாய்

கொடுத்துவிட்டேன்.

பேப்பரைப் பிரித்ததும் ரீச்சர் ஒன்றும் கதைக்கவில்லை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. வட்டத்தில் விரலை வைத்துக் கொடியின் வழியே ஒரு சுற்றுப் போனார். கீழே வந்து குருவியில் நின்றார்.

"இது கலியாண வீட்டு மடிப்பெல்லோ. ஆர் மடிச்சது?"

"அம்மா."

"கேற்றில கொழுவாதை. மான் வந்தா ஓலையை விட்டு வைக்காது" என்றுகொண்டே, தானே கதிரையை இழுத்துப் போட்டு, முன்கதவு ஆணியில் கொழுவினார். சரிந்திருந்தது. நான் நிமிர்த்தினேன். நள்ளிரவுப் பூசைக்கு வரும்போது கதவைப் பூட்டுகிற கையோடு அதை இன்னொருமுறை தொட்டுப் பார்த்ததைக் கண்டேன்.

டிசம்பர் 25, புதன்

காலை ஒன்பது மணிக்கு ரீச்சர் எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் ஒரு சின்னத் தட்டம், கொக்கிஸ் பத்துப் பன்னிரண்டு. விடிய எழும்பிச் சுட்டாராம். நெடுக நின்று சுட முடியவில்லை, இவ்வளவுதான் என்றார்.

அம்மா இருக்கச் சொன்னார். ரீச்சர் கதிரையில் இருக்காமல் படிக்கட்டில், அம்மாவுக்குப் பக்கத்தில் இருந்தார். "மிச்ச ஓலை கிடக்கோ? அந்தக் குருவியை எனக்கும் ஒருக்காக் காட்டித் தாங்கோ. பிள்ளையளுக்கு வீடியோவில காட்ட வேணும்."

ஈரத்துணியை நான்தான் எடுத்து வந்தேன். இதை எழுதும்போது பதினொரு மணி. இரண்டு பேரும் இன்னும் அங்கேதான் இருக்கிறார்கள். ரீச்சரின் முதல் குருவிக்கு வால் சரியாக வரவில்லை. அம்மா அதைப் பிரித்து, முதலில் இருந்து காட்டிக்கொண்டிருக்கிறார்.