பறவையின் மூச்சைப் படம் வரைந்தே படியுங்கள்

முதுகலை விலங்கியலில் ஊர்வன, பறவைகளின் சுவாசம் பலரும் மனப்பாடம் செய்து கடக்கிற பகுதி. நான் அதைத் தாளில் அம்புக்குறி போட்டுப் படித்தேன். பாடம் பிடித்துப்போனதே அப்போதுதான்.

முதலில் பறவை. ஒரே ஒரு மூச்சுக் காற்றை எடுத்துக்கொண்டு அது போகும் வழியை வரையுங்கள். முதல் உள்மூச்சில் அதில் பெரும்பகுதி பின்புறக் காற்றுப்பைகளுக்கு, அதாவது நுரையீரலோடு இணைந்த மெல்லிய பைகளுக்குப் போகிறது. முதல் வெளிமூச்சில் நுரையீரலுக்குள் நுழைகிறது. இரண்டாம் உள்மூச்சில் முன்புறப் பைகளுக்கு வருகிறது. இரண்டாம் வெளிமூச்சில்தான் வெளியேறுகிறது. ஆக, பறவை மூச்சை இழுத்தாலும் விட்டாலும் நுரையீரலின் நுண்குழாய்களில் காற்று ஒரே திசையில் ஓடுகிறது. நம் நுரையீரலில் வந்த வழியே திரும்புகிறது. வாயுப் பரிமாற்றம் நடப்பது இந்தக் குழாய்களில்தான், பைகளில் இல்லை. கொள்குறி வினாவில் தடுக்கிவிடும் இடம் இது. பறவைக்கு உதரவிதானமும் கிடையாது. மார்பெலும்பு ஏறி இறங்கியே பைகள் துருத்திபோல் வேலை செய்கின்றன.

அடுத்து முதலை. இந்த ஒருதிசை ஓட்டம் பறவைக்கு மட்டுமே உரியது என்று பழைய குறிப்புகளில் இருந்தால் திருத்திக்கொள்ளுங்கள். 2010இல் கொலீன் ஃபார்மரும் கென்ட் சாண்டர்ஸும் அமெரிக்க அலிகேட்டரில் இதைக் காட்டினார்கள். அப்புறம் உடும்பிலும் பச்சை இகுவானாவிலும் தெரியவந்தது. இகுவானா சும்மா உட்கார்ந்து வெயில் காய்கிற பிராணி! அதனால் 'பறப்பதற்காகவே உருவான அமைப்பு' என்ற விளக்கம் இனி போதாது.

டைனோசருக்கு நுரையீரல் புதைபடிவம் கிடைப்பதில்லை. எலும்பைத்தான் பார்க்க வேண்டும். மடகாஸ்கரில் வாழ்ந்த மஜுங்கசாரஸ் என்ற ஊனுண்ணி டைனோசரின் முதுகெலும்புகளில் காற்றுப்பைகள் புகுந்த குழிகளை வைத்து, பறவையை ஒத்த காற்றுப்பை அமைப்பு அதற்கு இருந்திருக்க வேண்டும் என்று ஓ'கானரும் கிளேசென்ஸும் 2005இல் வாதிட்டார்கள். நீள்கழுத்து டைனோசர்களான சாரோபாடுகளிலும் இத்தகைய குழிகள் உண்டு. டைனோசர்களை இடுப்பெலும்பின் அமைப்பை வைத்து இரண்டாகப் பிரிப்பார்கள்; அதில் ட்ரைசெராடாப்ஸ் அடங்கிய பறவை இடுப்புப் பிரிவில் தெளிவாகத் தென்படுவதில்லை. பெயரைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள், பறவைகள் வந்தது பல்லி இடுப்புப் பிரிவிலிருந்து.

விரிவான விடையில் 'டைனோசர்கள் பறவைபோலவே சுவாசித்தன' என்று அடித்து எழுத வேண்டாம். குழி காட்டுவது காற்றுப்பை இருந்ததை. காற்று எந்தத் திசையில் ஓடியது என்பது டைனோசருக்கு உறவான முதலையிலும் பறவையிலும் ஒருதிசை ஓட்டம் இருப்பதிலிருந்து நாம் செய்யும் ஊகம். இரண்டையும் தனித்தனி வாக்கியமாக எழுதுங்கள்.