காத்மாண்டு போகிறீர்களா? இடப்பக்கம் உட்காருங்கள்

டெல்லியிலிருந்து காத்மாண்டு போகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். சீட் எடுக்கும்போது இடப்பக்க சன்னலைப் பிடித்துவிடுங்கள், அதாவது ‘ஏ’. விமானம் கிழக்கே போகும், இமயமலை வடக்கே இருக்கும். திரும்பும்போது வலப்பக்கம். கூடக் கொஞ்சம் காசு கேட்டாலும் பரவாயில்லை, கொடுக்கலாம்.

இறக்கைக்கு முன்னால் உள்ள வரிசையாகப் பாருங்கள். பின்னால் உட்கார்ந்தால் எஞ்சினிலிருந்து வரும் சூட்டுக் காற்றில் மலை கலங்கலாகத் தெரியும், போட்டோவும் சரியாக வராது.

முதலில் மேகம் என்றுதான் நினைப்போம். அந்த வெள்ளை, இடம் மாறாமல் கூர்கூராக நிற்கும்போதுதான் மலை என்று உறைக்கும். தவளகிரி, அப்புறம் அன்னபூர்ணா, மனாஸ்லு. மூன்றுமே 8,000 மீட்டருக்கு மேல்! விமானத்திலிருந்து பார்த்தாலும் ஏதோ கீழே கிடப்பதாகத் தோன்றாது, ஏறக்குறைய கண்ணுக்கு நேராகவே நிற்கும்.

எவரெஸ்ட் காத்மாண்டுக்குக் கிழக்கே இருக்கிறது. அதை நன்றாகப் பார்க்க வேண்டுமென்றால் அங்கிருந்து பூட்டானின் பாரோவுக்குப் பறக்க வேண்டும். அதிலும் இடப்பக்கம்தான்.

அக்டோபர், நவம்பரில் காலை விமானமாகப் போடுங்கள். ஜூலை, ஆகஸ்டில் போனால் பெரும்பாலும் மேகம்தான்.