மஞ்சு ஏறாத மலை

உதடு வெடித்து ரத்தம் கசியும். பக்கத்து நாற்காலிக்காரரோ, வானத்து நீராவி முழுதும் தண்ணீரானாலும் 1 மில்லிமீட்டர்கூடத் தேறாது என்று துள்ளுவார். கொடைக்கானலிலிருந்து சிலியின் பாரனால் மலை வானாய்வகத்துக்கு வருகிறவர்களுக்கு முதல் உதை இதுதான். உயரத்தில் பெரிய வித்தியாசமில்லை: நம் சூரிய ஆய்வகம் 2343 மீட்டர், இது 2635. ஆனால் ஊரில் மூன்று நாளானாலும் ஈரம் போகாத ஸ்வெட்டர் இங்கே மதியத்துக்குள் அப்பளம்.

பெரிய விண்மீன்கள் பிறப்பதைப் பார்க்கும் எங்கள் வேலை அந்த வறட்சி இல்லாமல் நடக்காது. சூரியனைவிட 8 மடங்குக்கு மேல் எடையுள்ள இளம் விண்மீன் தூசுப் போர்வைக்குள்ளேயே வளர்கிறது. போர்வை சூடேறி உமிழும் அகச்சிவப்பைத்தான் பிடிக்க வேண்டும். நீராவி கூடினால் 20 மைக்ரான் (மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தின் பக்கம் வழியே அடைபடும்.

10 மைக்ரானில் தொல்லை வேறு. வானம், தொலைநோக்கியின் ஆடி, எல்லாமே அந்த அலைநீளத்தில் தகதகக்கும். எரிகிற அடுப்புக்குள் ஒரு பொறியைத் தேடுகிற கதை. அதனால் துணை ஆடியை நொடிக்குச் சில தடவை அசைத்து, விண்மீன் உள்ள படத்திலிருந்து பக்கத்து வானத்தின் படத்தைக் கழிப்பார்கள். ஏறக்குறைய நிமிடத்துக்கு ஒருமுறை தொலைநோக்கியையே நகர்த்தி மறுபடி கழிப்பார்கள். புதியவர்கள் சறுக்குவது இங்கேதான். விண்மீன் பிறப்பிடத்து வாயுவும் தூசும் பரந்து கிடப்பதால் 'வெறும் வானம்' என்று நினைத்த இடமும் ஒளிரும். கழித்தால் படத்தில் கரும்பள்ளம் விழும். அதை இருண்ட மேகம் என்று எழுதிவிடாதீர்கள். ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி எடுத்த 8 மைக்ரான் படத்தை முதலில் பார்த்து, அசைக்கும் திசையைத் திருப்புங்கள்.

சிலிக்கேட் தூசு ஒளியை விழுங்குவதால் நிறமாலையில் 9.7 மைக்ரானில் விழும் பள்ளம் எவ்வளவு ஆழமோ அவ்வளவு தூசு என்பது பொதுக் கணக்கு. ஆனால் பூமியின் ஓசோனும் ஒளியை விழுங்கிக்கொண்டு 9.6-இல் குந்தியிருக்கிறதே! ஒப்பிடும் விண்மீன் வானில் அதே உயரத்தில் இல்லாவிட்டால் கணக்கு பொய்த்துவிடும்.

பௌர்ணமி இந்த வேலைக்குப் பொருட்டில்லை. பழக வேண்டியது சாயங்காலம்தான்: நம் வீடுகளில் விளக்கேற்றும் நேரத்தில், இங்கே ஒரு துளி வெளிச்சம் வெளியே போகாமல் ஜன்னல்களை மறைப்பார்கள். அதுவும் பழகிவிடும். விடுதிக்குள் தோட்டமும் நீச்சல் குளமும் உண்டு, காற்றில் கொஞ்சம் ஈரம் நிற்பதற்காக. அங்கே மண்வாசனை அடித்தால் போதும், பழகியதெல்லாம் போச்சு. மனசு நாயுடுபுரத்தில் பூண்டு காய்கிற வாசலுக்குப் போய்விடும்.

ஊரிலிருந்து அம்மா போன் செய்தால் முதல் கேள்வி, "அங்கே மஞ்சு இறங்கிடுச்சா?" இருக்கிறது, ஆனால் காலுக்குக் கீழே. விடியலில் பசிபிக் கரையோரம் வெள்ளையாகப் படுத்திருக்கும்; காமன்சாகா என்பார்கள். மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோல் அழுத்துவதால் மலையேறாது. கோக்கர்ஸ் வாக்காக இருந்தால் இந்நேரம் முகத்தை நனைத்திருக்கும்.