நான்காவது ஜோடி டயர்: ஓடோமீட்டர் பார்த்து எழுதிய குறிப்புகள்

31,200 கி.மீ.

என் பைக்கின் பின் டயர் முடிந்துவிட்டது. பக்கச் சுவரில் டிடபிள்யூஐ என்று பொறித்த இடத்துக்கு நேரே, பள்ளத்துக்குள் ஒரு சின்ன மேடு இருக்கும். டயர் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்தால் மாற்றியாக வேண்டும். நடுப்பகுதி அந்த நிலைக்கு வந்துவிட்டது. ஓரங்களில் இன்னும் நல்ல ரப்பர் இருக்கிறது. நெடுஞ்சாலையில் நேராக ஓட்டியே தேய்த்திருக்கிறேன். வளைவில் சாய்க்கும்போது, தட்டையான நடுப்பகுதியின் விளிம்பைத் தாண்டும் இடத்தில் வண்டி ஒரு கணம் தயங்கிவிட்டுச் சட்டென்று விழுகிறது. ஹேண்டில் பேரிங்தான் போய்விட்டது என்று சில வாரங்களாக நினைத்திருந்தேன். டயர்தான் காரணம்.

முன் டயர் பார்வைக்கு நன்றாகவே இருக்கிறது. தடவிப் பார்த்தால்தான் தெரிகிறது. உள்ளங்கையை ஒரு திசையில் ஓட்டினால் வழவழவென்று போகிறது. மறு திசையில் ஓட்டினால் ஒவ்வொரு ரப்பர் கட்டையின் விளிம்பும் ரம்பப் பல் போல விரலில் மாட்டுகிறது. பிரேக் பிடிக்கும்போதெல்லாம் கட்டைகள் மடங்கி, ஒரு பக்க விளிம்பு மட்டும் அதிகம் தேய்வதால் வருவது இது. காற்றுக் குறைவாக ஓட்டினால் இன்னும் சீக்கிரம் வரும். இரண்டையும் சேர்த்தே மாற்றப் போகிறேன்.

அதே நாள் இரவு

வண்டி சுசுகி வி-ஸ்ட்ராம் 650, அலாய் வீல், டியூப்லெஸ். வண்டியோடு வந்த டயர் 14,000 கி.மீ. ஓடியது. அடுத்து ஒரு நீண்ட மண் ரோடு பயணத்துக்காகப் பெரிய பட்டன் டயர் (உயரமான ரப்பர் கட்டைகள் தள்ளித் தள்ளி நிற்பது) போட்டேன். சேற்றில் அது போல ஒன்று இல்லை. ஆனால் மழை நாளில் தார் ரோட்டில் பிரேக் பிடித்தால், கட்டைகள் வளைந்த பிறகுதான் வண்டி நிற்கத் தொடங்கும். அதுவும் 6,000 கி.மீ.யில் பின் டயர் மொட்டை. அது டயரின் குற்றமில்லை. கட்டைகளுக்கு நடுவே இடைவெளி அதிகமென்றால் ரோட்டைத் தொடும் ரப்பர் குறைவு. உயரமான கட்டை ஒவ்வொரு சுற்றிலும் வளைந்து நிமிர்கிறது, சூடாகிறது, தேய்கிறது. மூன்றாவது முறை பயந்து, முழுக்க ரோட்டு டயருக்குப் போனேன். இப்போது முடிந்திருப்பது அதுதான்.

80/20, 50/50 என்று ரோடு, மண் விகிதம் போட்டு டயர்களைப் பிரிக்கிறார்கள். அதற்குப் பொதுவான அளவுகோல் எதுவும் கிடையாது. ஒவ்வொரு கம்பெனியும் தன் டயருக்குத் தானே போட்டுக்கொள்வது. அதனால் என் பயணக் குறிப்பேட்டை எடுத்து, கடைசி 9,400 கி.மீ. எந்த மாதிரி ரோட்டில் போனது என்று கூட்டிப் பார்த்தேன். தார் ரோடு 7,900. உடைந்த ரோடும் ஜல்லி ரோடும் 1,300. சேறும் மணலும் 200.

இதை மட்டும் வைத்தால் மறுபடி ரோட்டு டயர்தான் வாங்க வேண்டும். ஆனால் அதே குறிப்பேட்டில் 'வழுக்கியது', 'கிட்டத்தட்ட விழுந்தேன்' என்று எழுதிய இடங்களைத் தனியாகக் குறித்தேன். பதினோரு இடங்கள். அதில் ஒன்பது ஜல்லியிலும் ஈர மண்ணிலும். அந்த ஒன்பதில் ஏழு, முன் சக்கரம் போனது. பின் சக்கரம் வழுக்கினால் ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் விட்டுப் பிடித்துக்கொள்ளலாம், உடம்பே அதைச் செய்துவிடும். முன் சக்கரம் போனால் யோசிக்க நேரம் இருக்காது. ஆக எனக்கு வேண்டியது, பெட்டிகளோடு ஜல்லியில் போகும்போது முன்னால் பிடிமானம், மழையில் தார் ரோட்டில் நம்பிக்கையான பிரேக். நீண்ட ஆயுள் மூன்றாவதுதான். கிலோமீட்டரைக் கூட்டியபோது வந்த முடிவு இது இல்லை.

31,260 கி.மீ.

அளவு: முன்னால் 110/80-19, சுமைக் குறியீடு 59, பின்னால் 150/70-17, குறியீடு 69. முதல் எண் அகலம் மி.மீ.யில், அடுத்தது பக்கச் சுவரின் உயரம் அகலத்தில் எத்தனை சதவீதம் என்பது, கடைசி ரிம்மின் விட்டம் அங்குலத்தில். 59 என்றால் 243 கிலோ, 69 என்றால் 325 கிலோ. பின்னால் ஆளும் பெட்டிகளும் ஏற்றுகிற வண்டியில் இந்த எண்ணைக் குறைக்கவே கூடாது. அதிகபட்ச வேகத்தைச் சொல்லும் எழுத்தில் மட்டும் கொஞ்சம் இறங்க நான் தயார்: எச் என்றால் மணிக்கு 210, டி என்றால் 190, க்யூ என்றால் 160 கி.மீ. நான் 120-க்கு மேல் போவதில்லை.

பின்னால் 140/80-17 போட்டால் பட்டன் டயர்களில் தேர்வு அதிகம் என்று ஒரு நண்பர் சொன்னார். கணக்குப் போட்டுப் பார்த்தேன். 150/70-இன் விட்டம் சுமார் 642 மி.மீ.; 140/80-க்கு 656. இரண்டு சதவீதம் பெரிது, பின்பக்கம் 7 மி.மீ. உயரும். இரண்டு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டு வேலை செய்கிற டிராக்ஷன் கன்ட்ரோலைக் குழப்ப எனக்கு மனமில்லை. வண்டியின் அளவிலேயே இருந்துவிட்டேன்.

கடைசியில் மூன்று டயர்கள் நின்றன. கான்டினென்டல் டிகேசி 80 இந்த அளவுகளில் க்யூ. சுத்தமான கட்டை டயர், மண்ணுக்கு அருமை. ஆனால் என் 7,900 கி.மீ. தார் ரோடு அதை விழுங்கிவிடும். ஹைடனாவ் கே60 ஸ்கவுட்டின் அகலமான பின் டயர்களில் நடுவே தொடர்ச்சியாக ஒரு ரப்பர் பட்டை ஓடுகிறது. நடுப்பகுதி தேய்வதைத் தாமதப்படுத்தும் நல்ல யோசனை, நெடுஞ்சாலைக்காரர்களுக்குப் பொருத்தம். டன்லப் டிரெயில்மேக்ஸ் மிஷனில் கட்டைகளின் ஓரத்தைப் படி வைத்து வெட்டியிருக்கிறார்கள். கட்டை எளிதில் மடங்காது, கடிப்பதற்கு விளிம்பும் கூடுதல். கட்டைகள் பக்கச் சுவர் வரை இறங்குகின்றன; வண்டிச்சக்கரத் தடத்தில் மாட்டினால் ஏறி வெளியே வர அது உதவும். முன்னாலும் பின்னாலும் மிஷனையே எடுத்தேன்.

அளவில் ஆர் என்ற எழுத்துக்குப் பதில் பி இருந்தது: ரேடியல் (உள்ளே நூல் அடுக்குகள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போவது) இல்லை, பெல்ட் வைத்த பயாஸ் டயர் (அடுக்குகள் சாய்வாகக் குறுக்கிடுவது). ஒன்று ரேடியல், ஒன்று பயாஸ் என்று கலக்கக் கூடாது என்பதால்தான் முன் டயரை மட்டும் வேறு கம்பெனியில் தேடவில்லை. வாங்கும்போது பக்கச் சுவரில் இருக்கும் டாட் (DOT) எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் டயரைச் செய்த வாரம், அடுத்த இரண்டு ஆண்டு. 1423 என்றால் 2023-இன் 14-ஆவது வாரம்.

31,300 கி.மீ.

நானே மாட்டினேன். பழைய டயரை ரிம்மிலிருந்து பெயர்ப்பதுதான் பாதி வேலை. பிரேக் டிஸ்க்கில் பாரம் விழாதபடி சக்கரத்தை மரக்கட்டைகளின் மேல் படுக்க வைத்து, பெரிய கிளாம்ப் போட்டு ஓரத்தை அமுக்கினேன்.

புது டயரை ஏற்றும்போது ஒரே ஒரு சூட்சுமம். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. லிவரைப் போடும் இடத்துக்கு நேர் எதிர்ப்பக்கம் டயரின் ஓரத்தை முழங்காலால் அந்தப் பள்ளத்துக்குள் தள்ளி வைத்திருக்க வேண்டும். அப்போது இந்தப் பக்கம் இரண்டு விரல் அளவு தளர்வு கிடைக்கும், லிவர் சுலபமாகப் போகும். முழங்கால் நகர்ந்தால் எவ்வளவு பலம் போட்டாலும் ஏறாது. பலம் போட்டால் ஓரத்துக் கம்பி அறுந்து டயரே வீணாகிவிடும். சோப்புத் தண்ணீரைத் தாராளமாகத் தடவினேன். காற்றடித்ததும் 'டப்', கொஞ்சம் கழித்து இன்னொரு 'டப்': இரண்டு ஓரமும் உட்கார்ந்தன. ரிம்மை ஒட்டி டயரில் ஒரு மெல்லிய கோடு வார்க்கப்பட்டிருக்கும். சுற்றிலும் அது ஒரே அளவில் தெரிகிறதா என்று பார்த்தேன். ஓரிடத்தில் உள்ளே போயிருந்தது. காற்றை இறக்கி, சோப்பு தடவி, மறுபடி அடித்ததும் சரியாகிவிட்டது. வால்வுகளும் புதிது. சுழலும் திசையைக் காட்டும் அம்புக்குறி, பேலன்சிங் இரண்டையும் சரிபார்த்தேன், முடிந்தது.

31,450 கி.மீ.

முதல் 150 கி.மீ. மெதுவாக. புது ரப்பரின் மேற்பரப்பு வழுக்கும். கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்வைக் கூட்டினேன். தட்டையான டயரில் பழகிய கைக்கு வண்டி தானாகவே வளைவுக்குள் போவது போல இருக்கிறது. தயக்கம் போயே போய்விட்டது.

32,600 கி.மீ.

காற்றழுத்தம்தான் இந்த மாதத்தின் வேலை. தனியாகப் போகும்போது முன்னால் 33, பின்னால் 36 பிஎஸ்ஐ. சுமையோடு பின்னால் 41. குளிர்ந்த டயரில் பார்த்த அளவு. ஒரு மணி நேரம் ஓட்டிவிட்டு நிறுத்திய உடனே பின் டயரை அளந்தால் 36 என்பது 40 ஆகியிருக்கிறது. பத்து சதவீதம் அளவுக்கு ஏறினால் சரி. அதைவிட மிக அதிகம் ஏறினால், குளிரும்போது வைத்த காற்று போதவில்லை, டயர் வளைந்து வளைந்து சூடாகிறது என்று அர்த்தம்.

ஜல்லி ரோட்டில் 33-ஓடு போனபோது முன் சக்கரம் கல்லுக்குக் கல் தாவியது. 27-க்கு இறக்கினேன். அதே ரோடு, அதே வேகம். சக்கரம் கற்களின் மேல் படிந்து போனது. ஹேண்டிலை இறுக்கிப் பிடித்திருந்த விரல்கள் தானாகத் தளர்ந்ததைக் கவனித்தேன். அதற்குக் கீழே இறக்கவில்லை, அலாய் ரிம் அடிவாங்கும். தார் ரோடு வந்ததும் பையிலிருந்த சின்ன பம்பால் மறுபடி ஏற்றினேன். இதற்குப் பத்து நிமிடம் ஆகிறது. சோம்பலில் இதை விட்டுவிடாதீர்கள், ரம்பப் பல் அங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது.

34,100 கி.மீ.

இரண்டு நாள் விடாத மழை. தார் ரோட்டில் முன் பிரேக்கைப் பிடித்தால் உடனே கடிக்கிறது. குறிப்பேட்டில் 'வழுக்கியது' ஒரே ஒரு முறை, களிமண்ணில், பின் சக்கரம். களிமண் கட்டைகளுக்கு நடுவே அடைத்துக்கொண்டால் எந்த டயரும் மொட்டை டயர்தான்.

36,400 கி.மீ.

புது டயரில் 5,100 கி.மீ. ஆழம் அளக்கும் கேஜ் வைத்து பின் டயரை நடுவில் மூன்று இடங்களில் பார்த்தேன். 1,000 கி.மீ.க்கு அரை மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவாகத் தேய்கிறது. முன் டயரை இரண்டு திசையிலும் தடவினேன். இடது பக்கத்தில் மட்டும், நான்கைந்து கட்டைகளில், மிக லேசாக விரல் மாட்டுகிறது. முன்னால் ஒரு பிஎஸ்ஐ கூட்டி 34 வைத்திருக்கிறேன். 37,400-இல் மறுபடி தடவிப் பார்க்க வேண்டும்.