முகத்தில் ஒளி பாய்ச்சுவதற்கு முன்

"ஃபோட்டோ ஃபேஷியல்" என்ற ஒரே பெயரில் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு சமாச்சாரங்கள் விற்பனையாகின்றன. ஒன்று ஐபிஎல் (Intense Pulsed Light, அதாவது துடிப்பு துடிப்பாக அடிக்கும் தீவிர ஒளி). செனான் விளக்கு சில மில்லி விநாடிகளுக்குப் பளிச்சென்று அடிக்கும்; தோலுக்குள் இருக்கும் ஒரு குறிப்பிட்ட பொருளைச் சூடாக்கிச் சிதைப்பதுதான் அதன் வேலை. இன்னொன்று எல்இடி. சிவப்பு, நீல நிறங்களில் பத்து இருபது நிமிடம் மென்மையாக எரியும், சூடே பெரிதாகத் தெரியாது. முதலாவது சரியாகச் செய்தால் கண்ணுக்குத் தெரியும் பலன் தரும், தப்பாகச் செய்தால் முகத்தைச் சுடும். இரண்டாவது பெரும்பாலும் சுடாது, பலனும் கொஞ்சம்தான். அதனால் எவ்வளவு செலவாகும் என்று கேட்பதற்கு முன்னால், எந்த மெஷின், எந்த அலைநீளம் என்று கேளுங்கள். பதில் சொல்லத் திணறும் இடத்தில் முகத்தைக் கொடுக்க வேண்டாம்.

இந்தச் சிகிச்சைகள் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது ஒரு எளிய விதி. 1983-ல் ஆண்டர்சன், பாரிஷ் என்ற இரு மருத்துவர்கள் அதை எழுதி வைத்தார்கள்: ஒளியை உறிஞ்சும் பொருள் எதுவோ அதுதான் சூடாகும், அந்தச் சூடு பக்கத்துத் திசுவுக்குப் பரவும் முன்பே ஒளியை நிறுத்திவிட்டால், பக்கத்தில் இருப்பது தப்பிக்கும். முகத்தோலில் ஒளியை உறிஞ்சுபவை முக்கியமாக மூன்று: மெலனின் என்கிற நிறமி, ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின், தண்ணீர். ஆகவே உங்கள் குறை எதுவோ, அதில் இந்த மூன்றில் ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். வெயிலால் வந்த பழுப்புப் புள்ளிகளில் மெலனின் திரண்டிருக்கும், அங்கே ஐபிஎல் நன்றாக வேலை செய்யும். கன்னத்தில் நூல் நூலாகத் தெரியும் சிவப்பு ரத்தக் குழாய்களில் ஹீமோகுளோபின் இருக்கிறது, அவையும் அடங்கும். தொங்கும் தாடையிலும் ஆழமான சுருக்கத்திலும் ஐபிஎல்லுக்குப் பிடிமானம் கிடையாது. பரு விட்டுப்போன குழிகளும் அப்படித்தான். அவற்றுக்கு ஃபிராக்‌ஷனல் லேசர் போன்ற வேறு வழிகள் உண்டு, அது தனிக் கதை. கண்ணுக்குக் கீழே கருமை என்றால், அது நிறமியா, உள்ளே தெரியும் ரத்தக் குழாயா, வெறும் பள்ளத்தின் நிழலா என்று தெரிந்தாக வேண்டும். நிழலை எந்த ஒளியாலும் எரிக்க முடியாது.

இனி மாநிறத் தோலுக்கு வருவோம். விளம்பரத்தில் வரும் "முன்–பின்" படங்கள் பெரும்பாலும் வெளுத்த தோலில் எடுத்தவை. தோல் மருத்துவர்கள் 1 முதல் 6 வரை எண் போடும் ஃபிட்ஸ்பாட்ரிக் அளவுகோலில் மாநிறம், கறுப்பு எல்லாம் 4, 5, 6-ல் வரும். இங்கே மெலனின் புள்ளியில் மட்டும் இல்லை, மேல்தோல் முழுக்கப் பரவியிருக்கிறது. ஒளிக்குப் புள்ளி எது, தோல் எது என்று தெரியாது; வழியில் இருப்பதை எல்லாம் சுடும். 4-ம் வகைத் தோலில் கைதேர்ந்தவர்கள் 590 அல்லது 640 நானோமீட்டர் ஃபில்டர் (அதற்குக் குறைந்த அலைநீளங்களைத் தடுப்பது), குறைந்த ஜூல் (ஒளி ஆற்றலின் அளவு), துடிப்புகளுக்கு இடையே நீண்ட இடைவெளி, தொடர்ச்சியான குளிர்ச்சி என்று நிதானமாகச் செய்வார்கள். அப்படிக் குறைத்தால் பலனும் குறையும் என்பதை மறைக்காமல் சொல்பவர்தான் நல்ல மருத்துவர். 5, 6-ம் வகைக்கு முகத்தில் ஐபிஎல் வேண்டாம் என்பதே என் முடிவு. ஒளிதான் வேண்டும் என்றால் 1064 நானோமீட்டர் என்டி-யாக் லேசர் மேல். அந்த அலைநீளத்தை மெலனின் குறைவாகவே உறிஞ்சும்.

மங்கு இருப்பவர்கள் இதை இரண்டு முறை படியுங்கள். மங்கு பார்வைக்குப் பழுப்புத் திட்டு போல இருந்தாலும், அங்கே இருப்பது தேங்கிய நிறமி மட்டும் அல்ல, எப்போதும் எரிச்சலில் இருக்கும் நிறமி செல்கள். சூடு பட்டால் அவை இன்னும் வேகமாகச் சுரக்கும். ஐபிஎல் செய்த முதல் இரண்டு வாரம் முகம் தெளிந்தது போலத் தோன்றும், பிறகு சில வாரங்களில் பழையதைவிடக் கறுத்துத் திரும்பலாம். ஏமாற்றுவதே அந்த முதல் இரண்டு வாரம்தான். மங்குக்கு முதல் மருந்து சன்ஸ்கிரீன், அதுவும் அயர்ன் ஆக்சைடு கலந்த, தோல் நிறச் சாயம் உள்ள வகை. மங்கைத் தூண்டுவதில் கண்ணுக்குத் தெரியும் வெளிச்சத்துக்கும் பங்கு உண்டு, சாதாரண சன்ஸ்கிரீன் அதைத் தடுக்காது.

சுடப்பட்ட முகங்களில் பெரும்பாலும் ஒரே மாதிரி அடையாளம் இருக்கும்: சின்னச் சின்னச் செவ்வகங்கள். கைப்பிடியின் கண்ணாடி நீள்சதுரம் என்பதால் தழும்பும் அதே வடிவம். ஜெல் மெலிதாகப் பூசியது, கண்ணாடியைத் தோலோடு சமமாக வைக்காமல் சாய்த்தது, குளிர்ச்சி நின்றுபோனதைக் கவனிக்காதது, ஒரே இடத்தில் மேலே மேலே அடித்தது, இல்லையென்றால் வெயிலில் கறுத்த முகத்தில் போன மாத அளவையே வைத்து அடித்தது. காரணம் அநேகமாக இவற்றில் ஒன்றாக இருக்கும். இடைவெளி விட்டு அடித்தால் வரிக்குதிரை போலக் கோடுகள் வரும். அதிகம் பேசப்படாத இன்னும் இரண்டு உண்டு. ஆண்களுக்குத் தாடி வளரும் இடத்தில் அடித்தால் முடி திட்டுத் திட்டாக உதிரலாம், ஐபிஎல்லுக்கு முடியின் மெலனினும் இலக்குதான். பெண்களுக்கு இதற்கு நேர்மாறு: தாடை, கழுத்து ஓரத்தில் குறைந்த அளவு ஒளி பட்ட பூனைமுடி சில சமயம் தடித்துக் கறுத்து வளர்ந்துவிடும்.

அதனால் பேட்ச் டெஸ்ட் இல்லாமல் உட்காராதீர்கள். காதுக்கு முன்னாலோ தாடைக்குக் கீழேயோ ஓரிரு ஷாட் போதும். கொப்புளம் வருகிறதா என்பது ஓரிரு நாளில் தெரிந்துவிடும். ஆனால் மாநிறத் தோலில் பிந்தி வரும் கருமை தெரிய இரண்டு முதல் நான்கு வாரம் ஆகலாம். ஆலோசனைக்குப் போன அன்றே முழு முகத்துக்கும் அடித்து அனுப்புகிற இடம் உங்களுக்கான இடம் இல்லை. மச்சத்தின் மேல் அடிக்கக் கூடாது. வடிவம் மாறிய, பல நிறம் கலந்த, வளர்ந்துகொண்டே போகும் கரும்புள்ளியை முதலில் மருத்துவர் டெர்மாஸ்கோப்பில் (தோலைப் பெரிதாக்கிக் காட்டும் கருவி) பார்க்க வேண்டும். மேல் நிறத்தை எரித்துவிட்டால் உள்ளே இருக்கும் புற்றுநோய் மறைந்து வளரும். மேல் இமையிலும் வேண்டவே வேண்டாம், கண்மணியைச் சுற்றியுள்ள திரைக்கும் (ஐரிஸ்) நிறமி உண்டு. கண்ணை மூடிக்கொண்டால் போதாது, ஒளி புகாத கண்மூடி வேண்டும்.

முன் தயாரிப்பில் தவறவிடக்கூடாதவை: கடைசி நான்கு வாரம் வெயிலில் கறுக்காமல் இருப்பது, ரெட்டினாய்டு, அமில கிரீம்களை ஒரு வாரம் முன்பே நிறுத்துவது, டாக்ஸிசைக்ளின் போலத் தோலை வெளிச்சத்துக்குக் கூசவைக்கும் மாத்திரை எடுத்தால் சொல்வது. உதட்டோரம் அக்கிக் கொப்புளம் அடிக்கடி வருபவர் அதையும் சொல்ல வேண்டும், முன்கூட்டியே வைரஸ் மருந்து தருவார்கள். லூபஸ் (உடலின் எதிர்ப்புச் சக்தியே உடலைத் தாக்கும் நோய்) உள்ளவர்களும், மின்னும் ஒளியில் வலிப்பு வருபவர்களும் விலகிக்கொள்ளலாம். கர்ப்பிணிகள் தள்ளிப்போடலாம்.

செய்த பிறகு புள்ளிகள் கறுத்து, காப்பித்தூள் ஒட்டியது போல இருக்கும். அது நல்ல அறிகுறி. ஒரு வாரம் பத்து நாளில் தானாக உதிரும், நகத்தால் சுரண்டினால் அந்த இடத்தில் புதிய கருமை வரும். கொப்புளமோ, ஒரு நாள் தாண்டியும் குறையாத எரிச்சலோ நல்ல அறிகுறி இல்லை. உடனே போய்க் காட்ட வேண்டும். வழக்கமாக மூன்று முதல் ஐந்து சிட்டிங், இடையில் மூன்று நான்கு வாரம். வெயில் நிற்காததால் புள்ளிகளும் திரும்ப வரும். வருடத்துக்கு ஓரிரு முறை தொடர வேண்டியிருக்கும் என்பதையும் கணக்கில் சேர்த்துத்தான் செலவைப் பார்க்க வேண்டும்.

எல்இடி மாஸ்க் விஷயத்தில் கேட்க வேண்டியது வேறு. பல்பு எத்தனை என்பது விளம்பரத்துக்கான எண். தோலுக்கு எவ்வளவு ஒளி சேர்கிறது என்பதுதான் கணக்கு: ஒரு சதுர சென்டிமீட்டருக்கு எத்தனை மில்லிவாட் என்பதை விநாடிகளால் பெருக்கி 1000-ஆல் வகுத்தால் ஜூல் வரும். 30 மில்லிவாட், 10 நிமிடம் என்றால் 30 × 600 ÷ 1000 = 18 ஜூல். 5 மில்லிவாட் மட்டுமே தரும் மாஸ்க்கில் அதே 18 ஜூலுக்கு ஒரு மணி நேரம் வேண்டும். அந்த மில்லிவாட் எண்ணைப் பெட்டியில் போடாதவர்களிடம் வாங்க வேண்டாம். இருமடங்கு நேரம் போட்டால் இருமடங்கு பலன் என்றும் இல்லை, ஓர் அளவுக்கு மேல் பலன் குறையவே செய்யும்.

நீல ஒளி, அதாவது 415 நானோமீட்டர் சுற்றி, பருவில் இருக்கும் பாக்டீரியா உண்டாக்கும் போர்ஃபைரின் என்ற, ஒளியை உறிஞ்சும் பொருளைத் தாக்கும். 630 சுற்றியுள்ள சிவப்பு வீக்கத்தைத் தணிக்கும். சிவந்து வீங்கும் மிதமான பருவுக்கு இரண்டும் சேர்ந்து, வாரம் சில முறை, எட்டு பன்னிரண்டு வாரம் போட்டால் ஓரளவு பலன் உண்டு. கரும்புள்ளி அடைப்புக்கும், ஆழமான கட்டிப் பருவுக்கும் எதிர்பார்க்க வேண்டாம். சிவப்பும் 830 சுற்றியுள்ள அகச்சிவப்பும் மெல்லிய சுருக்கத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். "கொஞ்சம்" என்பதை அழுத்திப் படியுங்கள். நீல ஒளியில் மாநிறத்தவருக்கு ஒரு சிக்கல் இருக்கிறது: இதே 415 நானோமீட்டர் தோலைக் கறுக்க வைக்கும். மங்கோ, பருவுக்குப் பின் கருமையோ இருப்பவர்கள் சிவப்பு மட்டும் உள்ளதைப் பார்க்கலாம். கண்ணுக்கும் கவனம் தேவை. 2019-ல் பரவலாக விற்ற ஒரு பரு மாஸ்க்கை, சில கண் நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து வரலாம் என்று தயாரிப்பாளரே திரும்பப் பெற்றார். பெட்டியில் "எஃப்டிஏ கிளியர்டு" என்று இருந்தால், ஏற்கெனவே சந்தையில் உள்ள கருவிக்கு நிகரானது என்று எஃப்டிஏ என்ற அமெரிக்க மருந்து, கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பு ஒப்புக்கொண்டது என்று அர்த்தம். உங்கள் முகம் மாறும் என்று அது சான்று தரவில்லை.

இதில் எதற்கும் பணம் கட்டும் முன் பன்னிரண்டு வாரம் ஒதுக்குங்கள். காலையில் எஸ்பிஎஃப் 30-க்கு மேல் சன்ஸ்கிரீன், முகத்துக்கும் கழுத்துக்கும் சேர்த்து இரண்டு விரல் நீளம். இரவில் மருத்துவர் சொன்ன கிரீம்: பருவுக்கு 2.5 சதவீத பென்சாயில் பெராக்சைடோ அடாபலீனோ, கருமைக்கு அசெலாயிக் அமிலம் 15–20 சதவீதம். தொடங்கும் நாளில் ஒரே ஜன்னல், ஒரே நேரம், ஃபில்டர் இல்லாமல் மூன்று படம்: நேர், இடம், வலம். பன்னிரண்டு வாரம் கழித்து அதே இடத்தில் அதே மூன்று. பலருக்கு இதிலேயே நல்ல மாற்றம் தெரியலாம். மீதி இருப்பது வெயில் புள்ளியோ ரத்தக் குழாயோ என்றால் ஐபிஎல் பற்றி யோசிக்கலாம். அப்போதும் எட்டு சிட்டிங் பேக்கேஜுக்கு மொத்தமாகக் கட்டாதீர்கள். ஒவ்வொன்றாகக் கட்டி, மூன்றாவது முடிந்ததும் அதே ஜன்னலில் மறுபடி படம் எடுங்கள். மாற்றம் தெரியாவிட்டால் நான்காவதுக்கு நாள் குறிக்க வேண்டாம். அது உண்மையில் என்ன திட்டு என்று இன்னொரு தோல் மருத்துவரிடம் புதிதாகக் காட்டுங்கள்.