தையலுக்குள் துணி

இலங்கை மலையகத்தின் ஹட்டனில், துணிக்கடையில் ஒரு அம்மா மகளுக்கு எடுத்த சட்டையை உட்புறம் திருப்பி, தையலுக்குள் எவ்வளவு துணி விட்டிருக்கிறார்கள் என்று விரலால் தடவிப் பார்த்தார்.

ஒன்றுமே இல்லை.

"பிள்ளை வளர்ந்தா பிரிச்சுவிட முடியாது தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்.

தேயிலைத் தோட்டத்தில் தரும் தீபாவளி முற்பணத்தில் வாங்கும் உடுப்பு அக்காவிடமிருந்து தங்கைக்கு, அப்புறம் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு என்று போகும். அதுதான் நம் வழக்கம். பண்டிகைக்குப் புதுசு இல்லாவிட்டால் குறை என்பதும் நம் வழக்கம்தான், மலிவுத் துணி அதை நம்பித்தான் விற்கிறது.

2013இல் பங்களாதேஷில் உடுப்புத் தொழிற்சாலைகள் இருந்த ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நமக்கு அது யாரோ எவரோ இல்லை, கட்டுநாயக்க உடுப்புத் தொழிற்சாலைகளில் தைப்பவர்களில் நம் தோட்டத்துப் பிள்ளைகளும் இருக்கிறார்கள்.

பிள்ளைக்குப் புதுசு வேண்டாம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் இரண்டு துவையலில் சாயம் போகிற துணிக்கு முற்பணம் கரைவதைப் பார்க்க வயிறு எரிகிறது.